இடியப்ப உரலும் மண் ஆடும்

டோர்செட் பார்க்கில் ஒரு சமூக நிலையத்தில் சனிக்கிழமை காலைகளில் வகுப்பு எடுத்தேன். கையால் பொருள் செய்கிறவர்களுக்கு அதை இணையத்தில் விற்கச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. வந்தவர்களில் என்னை அதிகம் அலைக்கழித்தவர் மில்லிக்கனிலிருந்து வந்த ஓர் அங்கிள். தளபாடத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றபின், கராஜுக்குள் மேப்பிள் மரத்தில் இடியப்ப உரல் செய்துகொண்டிருந்தார்.

படம் எடுக்கும் நாளன்று உரலோடு இடியப்பம், சொதி, சம்பல் எல்லாம் கொண்டுவந்தார். கமராவை எடுப்பதற்குள் வகுப்பு அதைத் தின்று முடித்துவிட்டது. வெறும் உரலைத்தான் படம் பிடித்தோம். ‘மெல்லிய இழைகள் பிழியும் கைக்கருவி’ என்று ஆங்கிலத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். வேற்றினத்தவரும் வாங்கட்டும் என்று இடியப்பம் என்ற சொல்லையே விட்டுவிட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

வன்கூவரிலிருந்து ஒரு பெண் ஒன்று வாங்கினார். அடுத்த வாரம் இன்னும் ஐந்து வேண்டும் என்று எழுதி, ஒரு படமும் அனுப்பினார். அங்கிள் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, உவ உரலுக்குள்ள களிமண்ணெல்லோ போட்டுப் பிழியிறா! மண்ணிலை ஆடு செய்து, அதுக்குச் சடை வைக்கிறாவாம்!”

“வித்தாச்சு அங்கிள். அவ எதைப் பிழிஞ்சா எங்களுக்கென்ன?”

“சாப்பாட்டுச் சாமான் பிள்ளை! இனி உவவுக்குக் குடுக்கமாட்டன்.”

மூன்று நாள் மன்றாடினேன். மனிதர் மசியவில்லை. கடைசியில் அவருடைய மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “ஆட்டின்ர சடை அறுந்து அறுந்தெல்லோ கிடக்கு. உங்கட உரல் சரியில்லைப் போல.”

அன்று மத்தியானமே அங்கிள் களிமண் வாங்கி வந்து கராஜுக்குள் போய்விட்டார். பிழிந்து பார்த்து, துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஐந்து உரல் செய்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ‘மண்ணுக்கு மட்டும்’ என்று தமிழில் செதுக்கினார்.

“அவவுக்குத் தமிழ் தெரியாதே அங்கிள்” என்றேன்.

“பிறகு எங்கட ஆக்களின்ர கையிலை போய்ச் சேர்ந்தா?”

அடுத்த மாதம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு சின்ன மண் ஆடு தபாலில் வந்தது. அங்கிள் அதை வகுப்புக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சடை சுருள் சுருளாக, ஓர் இழைகூட அறாமல் இருந்தது. எல்லாரும் கை தட்டினோம். யாரோ தொட்டுப் பார்க்கக் கையை நீட்ட, “தூர நிண்டு பாருங்கோ” என்றார் அங்கிள்.