வீட்டுப் பாத்தி

அப்பாவின் சட்டையில் "மருந்து" வாசனை வீசும் நாள்களில் நாங்கள் யாரும் அவர் பக்கத்தில் உட்கார மாட்டோம். மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் கலந்ததுபோன்ற அந்த நெடி, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. தொண்ணூறுகளில் அடையாற்றங்கரையில் எங்களுக்கு ஒரு கீரைத் தோட்டம் இருந்தது. முன்பெல்லாம் சாணி எரு போட்டு, ஒரு போகம் எடுத்ததும் மண்ணைக் கொஞ்சநாள் சும்மா விடுவார் அப்பா. கீரை கேட்பவர்கள் பெருகியதும் மண்ணுக்கு லீவே இல்லாமல் போயிற்று. பறித்த கையோடு விதைத்தார், யூரியா போட்டார், பூச்சிக்கு மருந்தடித்தார். மண்வெட்டி விழுந்த இடமெல்லாம் நெளிந்த மண்புழுக்கள் போயின, கிணற்றடித் தவளைகள் போயின, காய்ந்தால் மண் செங்கல்லாக இறுகியது. அப்பா கெட்டவரில்லை. "இலைல ஓட்டை கீதுன்னா எவ வாங்குவா?" என்பார்.

ஆனால் கரையோரத் தோட்டக்காரர்கள் எல்லாரிடமும் ஒரு வழக்கம் உண்டு. ஓரமாக ஒரு பாத்திக்கு மட்டும் மருந்தே காட்ட மாட்டார்கள். அதுதான் "வீட்டுப் பாத்தி". நாங்கள் தின்றது அதிலிருந்துதான். அதைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது என்பது சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

மந்தைவெளியில் அம்மா வாடிக்கையாகக் கீரை கொடுக்கும் மாமி வீட்டுக்கு, அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அம்மாவோடு போகும்போதெல்லாம் எனக்குத் தலை பின்னிவிடும் அக்கா அவள். அன்று அம்மா வீட்டுப் பாத்தியில் பறித்த முளைக்கீரையைத் தனிக் கட்டாகக் கட்டி எடுத்துப்போனாள்.

மாமி பிரித்துப் பார்த்தார். "என்னடிம்மா இது, ஒரே ஓட்டை. பிள்ளைத்தாச்சிக்கா இதைத் தர்றே? அதோ பச்சைப்பசேல்னு இருக்கே, அதைக் குடு."

"இது நல்லா இருக்கும் மாமி. அக்காவுக்குன்னு தனியா எடுத்தாந்தேன்."

"நன்னா இருந்தா பூச்சி ஏன் திங்கறது?"

பூச்சியே தின்னாத கீரையைத்தான் இத்தனை நாளும் கொடுத்தேன் என்று சொன்னால், அந்தத் தெரு வியாபாரம் மட்டுமல்ல, கரையிலிருந்த அத்தனை குடும்பத்தின் பிழைப்பும் அன்றோடு முடிந்துவிடும். அம்மா பச்சைக் கட்டையே எடுத்துக் கொடுத்தாள். "நல்லா கழுவி செய்ங்க மாமி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்காவுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்த செய்தி வரும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அந்தக் கரையில் தோட்டமும் இல்லை, நாங்களும் இல்லை. கரையைக் காலிசெய்த அரசாங்கம் எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுவந்து வைத்துவிட்டது. அம்மாவும் எல்லாரையும்போல வண்டியில் வரும் கீரையைத்தான் வாங்குகிறாள். மருந்தடித்ததா என்று அந்தக் கீரைக்காரம்மாவைக் கேட்டுப் பாரேன் என்றால் மறுத்துவிடுகிறாள்.

"கேட்டா இன்னா சொல்லுவா அவ, பாவம்."