கல்லுசாமியைத் தூக்கி வைத்த மாதம்

மந்தைவெளியில் கால்வாயை ஒட்டி ஒரு பெரிய அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் என்று ஞாபகம். பக்கத்துச் சந்து வீடுகளில் விரிசல் விழுந்தது. அந்த வீடுகள் இறங்குகின்றனவா என்று பார்க்க, எங்கள் சர்வே கம்பெனியிலிருந்து மாதாமாதம் மட்டம் எடுக்கப் போவோம். அதிகாரி மெஷினில் கண்ணை வைப்பார். நான் எண் போட்ட நீளக் கோலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த வேலை ஒத்துவந்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை.

அதே சந்தில்தான் என் தங்கை குடியிருந்தாள். அவள் வீட்டுப் பின்சுவரில் விரல் நுழையும் விரிசல். இருப்பதா, காலி செய்வதா என்று எங்கள் அளவை நம்பித்தான் காத்திருந்தாள்.

எல்லா அளவுக்கும் ஆதாரம் சந்து முனையில் இருந்த ஒரு கல். முதலில் கோலை அதன் தலையில் வைப்பேன். அதைவிட ஒவ்வொரு வாசற்படியும் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று அதிகாரி கணக்குப் போடுவார். வீடு நகரலாம், கல் நகரக்கூடாது என்பார். நாங்கள் அதன் முன்னால் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு எதிரே இட்லி விற்கும் அக்கா, "வந்துட்டாருப்பா கல்லுசாமி பூசாரி" என்பார். எனக்குக் காது சுடும். கொஞ்ச நாளில் யாரோ அதற்கு மஞ்சள், குங்குமம் வைக்க ஆரம்பித்தார்கள். அதிகாரி சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அஸ்திவார வேலை சந்துக்கு மிகவும் நெருங்கி வந்த மாதம் அது. ஆடி முடிந்திருந்தது. கல்லுக்குப் புதுச் சுண்ணாம்பு. வழக்கம்போல அளந்தோம். வாசற்படிகள் எல்லாமே இரண்டு அங்குலம் போல இறங்கிவிட்டதாக வந்தது. மறுபடி எடுத்தார். அதேதான். பிள்ளைகளோடு உடனே வெளியேறும்படி தங்கையிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, துணிகளைப் புடவையில் மூட்டையாகக் கட்டினாள். போக்கிடம் ஆதம்பாக்கத்து மாமியார் வீடுதான். அங்கே போவது அவளுக்கு எவ்வளவு கசப்பு என்று எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் அதிகாரிக்கு உறுத்தியது. அத்தனை வீடும் ஏறக்குறைய ஒரே அளவு எப்படி இறங்கும்? திரும்பிப் போய்க் கல்லின் அடியைப் பார்த்தார். புது சிமெண்ட். அக்காவிடம் கேட்டார்.

"இன்னா சார் பண்றது, தாரு ஊத்தி ரோடு ஒசந்துபோச்சு. சாமி மேல காலு படுது. கூழு ஊத்துன அன்னிக்கு நம்ம பசங்கதான் நோண்டி எடுத்து ஒசத்தி வெச்சாங்க."

பெருமையாகத்தான் சொன்னார். அதிகாரி யாரையும் திட்டவில்லை. கல் ஏறினாலும் வீடு இறங்கியதாகத்தான் கணக்கு வரும்; தூரத்தில் இருக்கும் வேறொரு கல்லோடு இதைச் சேர்த்து அளந்து வைத்திருந்தால் எவ்வளவு ஏறியது என்று கண்டுபிடித்திருக்கலாம், நாம் அதைச் செய்யவில்லையே என்றார். கல் ஏறியது எவ்வளவு, வீடு இறங்கியது எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது.

தங்கை மூட்டையோடு வாசலில் நின்றாள்.

"அண்ணே, வூடு எறங்குதா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

நான் அதிகாரியைப் பார்த்தேன். இன்றைய அளவை முதல் அளவாக வைத்துக்கொள்ளலாம், அடுத்த மாதம் தெரிந்துவிடும் என்றார்.

"அடுத்த மாசமா" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

மறுபடியும் எல்லாப் படிகளிலும் கோல் பிடித்தேன். அவள் படியில் நின்றபோது உள்ளே தெரிந்தது. மூட்டையை அவிழ்க்கவில்லை. பிள்ளைகளின் பாயைப் பின்சுவரிலிருந்து விலக்கி, வாசல் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தாள்.