சிறப்பு விருந்தினர் வரும்வரை நிற்றல்

தாய் சி என்கிற சீனத்து மெதுவான உடற்பயிற்சியை நான் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் அதை ஒரு பூங்கா நிறையப் பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். என்னை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டவர்கள் இன்னும் நெய்வேலியில் நடமாடுகிறார்கள். அவர்களில் ஒருவர் இதைப் படித்துவிடக்கூடும் என்பதுதான் இப்போதைய பயம்.

குனிந்து என் கால் கட்டைவிரலைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. நடுவில் வயிறு இருக்கிறது. அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்துவது என் உத்தியோகம். ஆகவே மெதுவாக அசைவதில் முன்னனுபவம் உண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம். என் ஆசான் ஒரு கைபேசி. அதில் வெள்ளை உடை அணிந்த பெரியவர் ஒருவர் ஏதோ ஓர் ஏரிக்கரையில் காற்றைத் தடவிக்கொண்டிருப்பார். நெட் வேகம் குறைந்தால் பாதியில் அப்படியே நின்றுவிடுவார். அதுவும் ஒரு நிலைதான் போலிருக்கிறது என்று நானும் கையைத் தூக்கியபடி நிற்பேன். பிறகு அந்த நிலையையும் சேர்த்தே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். மூட்டு வலிக்கு ரொம்ப நல்லது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

இத்தனை கூத்தும் என் மனைவிக்காக.

எங்கள் குவார்ட்டர்ஸில் குளியலறை வாசலில் பழைய புடவை ஒன்றை மடித்து மிதியடியாகப் போட்டிருந்தோம். ஈரக்காலோடு அவள் அதில் கால் வைக்க, அது நழுவியது. இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, எலும்பும் கூடிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இனிமே நீங்க பஸ் புடிச்சுக் கடலூரே போகலாம்மா" என்றார்.

அவள் வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. சந்தையில் கீரைக்காரியோடு மல்லுக்கட்டி ஒரு கைப்பிடி கொத்தமல்லியாவது சும்மா வாங்காமல் திரும்பாதவள், அறைக்கு அறை சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். சுண்ணாம்புச் சுவரில் அவள் கை போகும் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. மிதியடி என்ற பொருளையே வீட்டிலிருந்து அகற்றினோம். கோடு மட்டும் நீண்டுகொண்டே போனது.

தாய் சி செய்தால் தடுமாற்றம் குறையும், விழுந்துவிடுவோம் என்கிற பயம் போகும் என்று எங்கோ படித்தேன். நான் எதையும் எங்கோ படித்துவிடுகிறவன். ஆனால் அவளிடம் நேராகச் சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் உடனே செய்ததில்லை. பெரும்பாலும் நியாயம் அவள் பக்கமே இருந்திருக்கிறது. எனவே தந்திரமாக, எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கமிருந்த சின்னப் பூங்காவில் வகுப்பைத் தொடங்கினேன். கூடவே சி குங் என்கிற மூச்சுப் பயிற்சியும் உண்டு என்று அறிவித்தேன். அதைப் பற்றி எனக்கு இன்னும் குறைவாகத் தெரியும்.

பிளாக்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சுரங்கத்தில் ராட்சத மண்வெட்டி இயந்திரம் ஓட்டுகிற ஒருவர் நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்துவிடுவார். அவர் ரிட்டையராக இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"மாஸ்டர், என் மெஷினே இதைவிட வேகமாத் திரும்புமே!"

"வேகம் கூடாது சார். மனசு அடங்கணும்."

"அடங்கிடுச்சு மாஸ்டர். தூக்கம் வருது."

பக்கத்து வீட்டு அம்மாவும் சேர்ந்தார். பண்ருட்டிப் பக்கத்துக்காரர், என் மனைவிக்கு அக்கா தங்கை மாதிரி. ஒருநாள் காலை வகுப்பு முடிந்ததும் என் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், திரும்பிப் பாக்காதீங்க. அக்கா ஜன்னலாண்ட நின்னுகினு உங்கள மாதிரியே கைய ஆட்டினு இருக்காங்க. அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சினு கெடக்குது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய், தீய்ந்த பாலில் போட்ட காப்பியை ஒரு வார்த்தை பேசாமல் குடித்தேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய ஆகப்பெரிய கட்டுப்பாடு அதுதான்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, அந்தந்த ஊரில் காலை பத்து மணிக்கு, உலகம் முழுக்க இந்தப் பயிற்சியை ஒன்றுகூடிச் செய்து கொண்டாடுகிறார்கள் என்று கைபேசி சொன்னது. நாமும் செய்வோம் என்றேன். அன்று சாப்பிடும்போது என் மனைவி தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அன்னைக்கு நிறையப் பேர் வருவாங்களோ?"

"வருவாங்க. ஏன்?"

"நிறையப் பேர்னா நானும் வரேன். நடுவுல நின்னா யாரும் பாக்க மாட்டாங்கல்ல."

ஒருமுறை அந்தச் சாலையைத் தாண்டிவிட்டால் போதும், சந்தை வரைக்கும் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். பீரோவைத் திறந்து, வெளியில் போகும்போது கட்டுகிற புடவைகளை எடுத்து உதறி வைத்தாள்.

இந்த நேரத்தில் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வந்து சேர்ந்தார்.

"சார், சும்மா நாலு பேரு கைய ஆட்டிட்டுப் போனா அது விழாவா? ஒரு பெரிய மனுஷன் வேணாம்?"

பெரிய மனிதர் ஒருவர் பிடிக்கப்பட்டார். முந்திரி ஏற்றுமதி செய்பவர். சாப்பாட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டார். மேடை, மைக்செட், குத்துவிளக்கு, என் படம் போட்ட பிளக்ஸ் எல்லாம் வந்தன. ஷாமியானா மேடைக்கும் விருந்தினர் நாற்காலிகளுக்கும் மட்டும் போதுமானதாக இருந்தது. பயிற்சி செய்ய வருகிறவர்களுக்கு நாற்காலி எதற்கு என்று கமிட்டியில் வாதாடி வென்றவன் நானேதான். நின்று செய்கிற கலை அல்லவா.

அன்று பத்து மணிக்கு அவள் வந்தாள். பக்கத்து வீட்டு அம்மாவின் கையைப் பிடித்தபடி படியிறங்கி, கேட்டைத் திறந்து, சாலையின் இரண்டு பக்கமும் நெடுநேரம் பார்த்துவிட்டு, கடந்து வந்தாள். இரண்டாவது வரிசையில் நின்றாள். தொட்டுக்கொள்ள அங்கே சுவர் இல்லை. மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்த நான் 'ஹலோ'வைப் பாதியில் விட்டுவிட்டு அவளையே பார்த்தேன்.

விருந்தினர் கிளம்பிவிட்டதாக போன் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இப்போதுதான் கிளம்புகிறார் என்று வந்தது. நெய்வேலியில் ஏப்ரல் மாதத்துப் பத்து மணி வெயிலைப் பற்றி உலகத்துக்கு எதுவும் தெரியாது. நான் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வைத்த தட்டோடு பூங்கா வாசலில் நிறுத்தப்பட்டேன். "மாஸ்டர், எங்கயும் போயிடாதீங்க, கார் வந்ததும் நீங்கதான் முன்னாடி நிக்கணும்" என்று செயலாளர் சொல்லியிருந்தார்.

வரிசையிலிருந்து இயந்திரக்காரர் கத்தினார்: "மாஸ்டர், இது எந்த நிலை? பேரு சொல்லலியே!"

"சிறப்பு விருந்தினர் வர்ற வரைக்கும் நிக்கிற நிலை" என்று யாரோ பதில் சொன்னார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்ததைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் பிடிமானம் இல்லாமல் நிற்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாற்காலியை எடுத்துப்போக வேண்டும் என்று தோன்றவில்லை.

பதினொன்றரைக்குக் கார் வந்தது. காற்றில் குத்துவிளக்கு அணைந்தது, மறுபடி ஏற்றினார்கள். வரவேற்புரை என்னுடையது. மெதுவாக வாழ்வதன் அருமை பற்றிச் சீன ஞானிகளைத் துணைக்கு அழைத்து நான் எழுதி வைத்திருந்த உரையைத் தாளிலிருந்து கண்ணெடுக்காமல் படித்தேன், ஒரு வரியையும் விடவில்லை. முடிந்ததும் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சரிகைக்கரை கழுத்தில் குத்த, நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது வரிசையில் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

விருந்தினர் இன்னொரு விழாவுக்குப் போக வேண்டியிருந்ததால் பயிற்சிக்கு முன்பே கிளம்பிவிட்டார். பாதிப்பேர் சாப்பாட்டுப் பொட்டலத்தின் பக்கம் போய்விட்டார்கள். மீதிப்பேருக்கு நான் சால்வையோடே நாலு அசைவுகள் காட்டி, கொண்டாட்டத்தை முடித்துவைத்தேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அம்மா நின்றிருந்தார்.

"கால் நடுங்கினே இருந்துச்சு சார். ஒரு சேர் குடுங்கன்னு கேட்டா, அதெல்லாம் கெஸ்ட்டுக்குன்னுட்டாங்க. அக்கா அப்படியே மண்ணுல குந்திட்டாங்க. அத்தினி பேரு பாக்க, ரெண்டு பேரு சேந்து தூக்கினோம்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமேம்மா."

"கூப்டோம் சார். நீங்க மைக்குல பேசிகினு இருந்தீங்க."

உள்ளே என் மனைவி எனக்குத் தட்டு வைத்தாள். சாப்பாடு போட்டாள். ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு மறு கையால் குழம்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். மறுநாளிலிருந்து சமையலறை ஜன்னலின் கதவு திறக்கவில்லை. வகுப்பும் தேய்ந்தது. இயந்திரக்காரர் ரிட்டையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் போனார். கடைசியில் பூங்காவில் நானும் கைபேசியும் மட்டும் நின்றோம். பிறகு நானும் போகவில்லை. வெள்ளையடிக்கிறவர்கள் வந்து சுவரிலிருந்த கோட்டை மறைத்துவிட்டுப் போனார்கள். சில மாதங்களில் அது திரும்ப வந்தது.

அடுத்த ஏப்ரலில் செயலாளர் மறுபடி வந்தார். "இந்தத் தடவை எல்லாருக்கும் சேர் போட்டுடலாம் மாஸ்டர்!" நான் உள்ளே போய் அவளிடம் அதைச் சொன்னேன்.

"போடட்டும்" என்றாள். புடவை மடிப்பதை நிறுத்தவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவைக் கிளறினேன். அந்தச் சால்வை கையில் வந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "இது எதுக்குச் சும்மா கிடக்குது? பாத்ரூம் வாசல்லயாவது போட்டுக்கலாம்" என்றேன்.

அவள் அதை வாங்கி, துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அதுக்கும் ஆகாதுங்க. வழுக்கும்."