கேரியரில் ஒரு விரற்கடை

அம்மாவின் சாப்பாட்டை அத்தைதான் திருடித் தின்கிறாள் என்று நான் முடிவுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்த மே மாதம் முழுக்க அத்தையை வேவு பார்த்த அக்கறையில் பாதியைப் பாடப் புத்தகத்தில் காட்டியிருந்தால் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பேன்.

அம்மாவுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் முடிந்து இன்னொன்று பாக்கி இருந்தது. உடம்பு தேறினால்தான் இரண்டாவதைச் செய்ய முடியும், இப்போது கத்தி வைத்தால் புண் ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் திருவெறும்பூரில் ஃபேக்டரி வேலை, ஷிஃப்ட் முடிந்து ராத்திரிதான் வருவார். ஆகவே ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்த அப்பாவின் அக்காதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஆஸ்பத்திரிச் சாப்பாடு அம்மாவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அத்தை விடியும் முன் குளித்து, தளிகை பண்ணி, பெருமாளுக்கு அமுது செய்வித்து, கேரியரில் கட்டுவாள். பதினொரு மணிக்கு நானும் அவளும் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்போம்.

வாரத்துக்கு ஒருநாள் டயட்டீஷியன் அக்கா வருவார். எடை பார்ப்பதோடு விடமாட்டார். காலில் நீர் கோத்துக்கொண்டால் எடை பொய் சொல்லும் என்பார். அம்மாவின் மேல்கையை இன்ச் டேப்பால் சுற்றி அளப்பார். கைப்பலம் காட்டும் கருவியின் பிடியைக் கையில் கொடுத்து முடிந்த மட்டும் அழுத்தச் சொல்வார். அம்மா அழுத்தினால் அதிலிருந்த முள் அசைந்ததா என்றே தெரியாது. கடைசியாக எப்போதும் அதே கேள்வி: “எவ்வளவு சாப்பிட்டீங்கம்மா? பாதியா, முழுசா?”

முழுக்கச் சாப்பிட்டேன் என்பாள் அம்மா. அத்தை காலிக் கேரியரைத் திறந்து காட்டுவாள். நானும் தலையாட்டுவேன். ஆனால் டேப் ஏறவில்லை. மூன்றாவது வாரம் அரை சென்டிமீட்டர் குறைந்தே போயிருந்தது.

அம்மா செத்துப்போய்விடுவாள் என்று எனக்குப் பயம். அதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. அதனால் துப்பறிய ஆரம்பித்தேன்.

முதலில் வார்டு ஆயாவைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் தடயம் கிடைத்தது. வீட்டில் கட்டும்போது பருப்பு சாதம் விளிம்பு வரை இருக்கும். ஆஸ்பத்திரியில் திறந்தால் மேலே ஒரு விரற்கடை இடம் காலி. தினமும் இதே கதை. பஸ்ஸில் கேரியர் அத்தையின் மடியில், புடவைத் தலைப்புக்கு அடியில் இருக்கும். என்னை மட்டும் முன் சீட்டில் உட்காரச் சொல்வாள். போதாக்குறைக்கு, வார்டுக்குப் போனதும் வெந்நீர் பிடித்து வருகிறேன் என்று ஃப்ளாஸ்கைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் மறைந்துவிடுவாள். வெளியே கிளம்பினால் வீடு திரும்பும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாத மனுஷி அவள். அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமே. அவ்வளவு நேரம் பசிக்காமல் ஒருத்தியால் எப்படி இருக்க முடியும்? என்னால் முடியாதே.

அந்த அரை மணி நேரமும் நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்கு மத்தியானச் சாப்பாடு வீடு திரும்பிய பிறகு, இரண்டு மணிக்கு. அதுவரை தாங்கட்டும் என்று அம்மா சாதத்தைப் பிசைந்து, உருட்டி என் கையில் போடுவாள். “உனக்கொரு வாய், எனக்கொரு வாய்.” தட்டுப் போட்டு உட்கார்ந்தால்தான் சாப்பாடு. அம்மாவிடம் கையில் வாங்கித் தின்பதெல்லாம் என் கணக்கில் சேராது.

டயட்டீஷியன் அக்கா என்னைக் குஷிப்படுத்த என் கையையும் அளந்து குறித்துக்கொள்வார். நான்காவது வாரம் அப்படி அளந்தவர், “அட, உனக்கு ஏறிப்போச்சே!” என்று சிரித்தார். எனக்கு ஒரே பெருமை. ஏனோ அவர் சிரிப்பு பாதியில் நின்றது. டேப்பை என் கையிலேயே விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா என்னிடம் குனிந்தார். “நீ சொல்லு கண்ணு. அம்மா சாப்பாட்டை வேற யாராவது சாப்பிடறாங்களா?”

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்! “அத்தை” என்றேன். “பஸ்லயே எடுத்துத் தின்னுடறா.”

வாசலில் ஃப்ளாஸ்கோடு அத்தை நின்றிருந்தாள். அம்மா அத்தையைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். “குழந்தை தெரியாம சொல்றது அக்கா. தப்பு என்மேலதான்.” நாத்தனாரைக் காட்டிக்கொடுக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். டயட்டீஷியன் அத்தையை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் நெடுநேரம் மெல்லிய குரலில் பேசினார். அத்தை தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று, கேஸ் முடிந்தது.

மறுநாளிலிருந்து அத்தை வேறு மனுஷியாகிவிட்டாள். கிளம்பும் முன்பே எனக்குத் தட்டுப் போட்டு, நெய் ஊற்றி, போதும் போதும் என்றாலும் விடாமல் பரிமாறினாள். என் வாயை அடைக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. லஞ்சத்தைத் தின்றேன், கண்காணிப்பை விடவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா பழக்கதோஷத்தில் உருண்டையை நீட்டினால் வயிற்றில் இடமில்லாமல் வேண்டாம் என்பேன். அத்தையும் இப்போது வெந்நீருக்குப் போகாமல், அம்மா கடைசி வாய் சாப்பிடும்வரை கட்டிலருகே நின்றாள். டேப் ஏறியது. முள் நகர்ந்தது. ஆபரேஷன் நடந்து அம்மா வீட்டுக்கு வந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தையை நான் கையும் களவுமாகப் பிடித்த கதையைச் சொன்னேன். அத்தை ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

இப்போது அவள் இல்லை. என் மகளுக்கு ஊட்டும்போது “உனக்கொரு வாய்” என்று வாயில் வந்து, அப்படியே கை நின்றுபோன நாளில்தான் திருடி யாரென்று எனக்குத் தெரிந்தது. வெட்கத்தில் அழுதேன்.

அந்த வயதில் எனக்குப் பிடிபடாத விஷயம் வேறு. புகார் சொன்ன மறுநாள் பஸ்ஸில் அத்தை கேரியரை என் மடியில் வைத்து, “இனிமே நீயே வச்சுக்கோடி” என்றாள். பஸ் குலுங்கிக் குலுங்கிப் போக, பாலம் முழுக்க அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் நானே மூடியைத் திறந்தேன். மேலே அதே ஒரு விரற்கடை இடம் காலியாக இருந்தது. என் மடியிலிருந்தே எடுத்திருக்கிறாள் என்றால் நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரத் திருடிதான் என்று முடிவு செய்து, மறுநாள் கேரியரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.