ரயில் போகும்வரை பேனையைக் கீழே வையுங்கள்

உயர்தரக் கணித வகுப்பு எடுப்பவளுக்கு முதலில் பிடிபட வேண்டியது பாடமல்ல, பெற்றோரின் பயம். பல்கலைக்கழகம் போக உயர்தரம் படிக்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நானும் ஒரே பரீட்சையைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வெள்ளவத்தையில் கடலை நோக்கிப் போகும் ஓர் ஒழுங்கையில், என் வீட்டு முன் ஹோலில் வகுப்பு நடத்துகிறேன். ஒழுங்கை முடியும் இடத்தில் தண்டவாளம், அதற்கப்பால் கடல்.

பெறுபேறு வருமுன்

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உயர்தரத்துக்கு முந்திய சாதாரண தரப் பரீட்சை முடிந்த அடுத்த கிழமையே உயர்தர வகுப்புகள் தொடங்கிவிடும். பெறுபேறு வருவது எத்தனையோ மாதம் கழித்து. கணிதப் பிரிவுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று தெரியாமலே பிள்ளைகள் வகையீட்டில் பாதி தூரம் போயிருப்பார்கள்.

பக்கத்துத் தொடர்மாடித் தாய் ஒருவர் மகளைக் கூட்டிவந்தார். காலையில் என்னிடம் கணிதம், பின்னேரம் தெஹிவளையில் உயிரியல் என்று ஏற்கெனவே ஒழுங்கு செய்திருந்தார். இரண்டையும் ஒரு பிள்ளை தாங்காது, அவளுக்கு எது விருப்பம் என்று கேட்டேன். மகள் வாய் திறக்குமுன் தாய் சொன்னார்: "இப்ப ரெண்டையும் துவங்கி வைப்பம் டீச்சர். எதில பிள்ளை நிண்டு பிடிக்குதோ, அதுதான் எங்கட ஆசை எண்டு பிறகு சொல்லுவம்."

மாளிகாவத்தைத் தகப்பன்

அதே மாதம் நுஸ்ரா வந்தாள். கொட்டாஞ்சேனையில் படிக்கிறவள், வீடு மாளிகாவத்தையில். தகப்பன் மின்விளக்குக் கடை வைத்திருந்தார். மகளுக்குப் பொறியியல் ஆசை. அவருக்கோ அவள் வர்த்தகம் எடுக்க வேண்டும். அதில் நல்ல பெறுபேறு நிச்சயம், கணிதத்தில் சறுக்கினால் பல்கலைக்கழகமே கைவிட்டுப் போகும் என்பது அவருடைய பயம். அது பிழையான பயமும் இல்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கணிதத்தில் தொடங்கி முடியாமல் வர்த்தகத்துக்கு மாறியவர்கள் பலர். வர்த்தகத்தில் தொடங்கிக் கணிதத்துக்கு வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. பொறியியல் கிடைக்காவிட்டாலும் கணிதம் படித்தவளுக்கு வேறு பல கதவுகள் உண்டு. அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார்: முதல் தவணைச் சோதனையில் பாதிப் புள்ளி எடுக்காவிட்டால் அவள் வர்த்தகத்துக்கு மாற வேண்டும். நுஸ்ரா சம்மதித்தாள். எழும்பும்போது அவர் சொன்னார்: "கதவு நெறய இருக்கிறது சரி மிஸ். புள்ள உள்ளுக்குப் போகணுமே."

ரயில்

ரயில் போகும்போது என் ஹோலில் யாரும் பேச முடியாது. யன்னல் கண்ணாடி அதிரும். தொடக்கத்தில் அதற்கு மேலால் கத்திப் பார்த்தேன், தொண்டைதான் போனது. பிறகு ஒரு விதி வைத்தேன்: ரயில் வந்தால் எல்லாரும் பேனையைக் கீழே வைக்க வேண்டும், கண்ணை மட்டும் கேள்வியில் வைத்திருக்கலாம். வகுப்பில்லாத நாட்களிலும் ரயில் வந்தால் நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். பேச ஆளில்லை என்பது வேறு விஷயம்.

நுஸ்ராவுக்கு இது பெரிய தண்டனையாக இருந்தது. அவள் கை மூளையைவிட வேகம். கட்டடத்தின் உச்சியிலிருந்து எறிந்த பந்து எவ்வளவு தூரத்தில் விழும் என்று கேட்டால், அது எவ்வளவு உயரம் போகும் என்று அழகாகக் கண்டுபிடித்து, கீழே கோடும் போட்டு வைத்திருப்பாள். ஒருநாள் அப்படிப் பாதி எழுதும்போது பின்னேர ரயில் வந்தது. வேண்டாவெறுப்பாகப் பேனையை வைத்துவிட்டுக் கேள்வியைப் பார்த்தாள். ரயில் போனது. பேனையை எடுக்காமல் கேட்டாள்: "மிஸ், இவ்வளவு நேரமும் இந்தக் கணக்கு இங்கதான் இருந்திச்சா?"

கூட்டிப்போக வந்தவர்

சோதனையில் அவளுக்குப் பாதிக்குச் சற்றுக் கீழே. சற்று என்பதெல்லாம் ஆசிரியரின் கணக்கு. நிபந்தனையில் அந்தச் சொல் இல்லை. தகப்பன் வகுப்பு முடியுமுன்னே வந்துவிட்டார். வாசலோரக் கதிரையில் இருக்கச் சொன்னேன். அவரிடம் வாதாட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. நுஸ்ரா அவர் பக்கம் திரும்பாமல், சிவந்த காதோடு எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போது ரயில் வந்தது. அத்தனை பேனைகளும் மேசைக்கு இறங்கின. அவர் முதலில் என்னைப் பார்த்தார், ஏதோ பிரச்சினை என்று நினைத்திருப்பார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் கன்னத்தில் கைவைத்து, கேள்வியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். சத்தம் கொழும்புக் கோட்டைப் பக்கமாகத் தேய்ந்து போனது, பேனைகள் மேலே வந்தன. அவர் எழுந்து என்னருகே வந்து, மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காமல் சொன்னார்: "வீட்டுல அஞ்சு நிமிஷம் சும்மா இருக்காத புள்ள மிஸ் இது. இன்னொரு டேர்ம் பாப்போம்."

அந்த ஒரு தவணை, பரீட்சைவரை நீண்டது.

ரயில் இல்லாத மண்டபம்

பரீட்சை கொட்டாஞ்சேனையில். அங்கே ரயில் இல்லை என்பது எனக்கு அன்று காலையில்தான் உறைத்தது. எத்தனை வருடமாக இந்த விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், இது ஒருதரம்கூடத் தோன்றவில்லை. தேநீர் ஆறிப்போகும்வரை யன்னலோரம் நின்றேன்.

கணிதம் முடிந்த மறுநாள் பஸ் ஏறி வந்தாள். இரண்டாம் வினாத்தாளில் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டாளாம். பக்கத்தில் எல்லாரும் எழுதுகிறார்கள், இவளுக்குக் கை துடிக்கிறது. பிறகு என்ன செய்தாய் என்றேன். "பேனைய வெச்சிட்டு, மனசுக்குள்ள ஒரு ரயில விட்டேன் மிஸ். நீளமான ரயில்."

பெறுபேறு வந்தபின்

பொறியியலுக்கு அவள் புள்ளி போதவில்லை. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு; கொழும்பு மாவட்டத்தில் அந்தக் கதவு அவ்வளவு ஒடுக்கம். பௌதீக விஞ்ஞானம் கிடைத்தது, போனாள். நான் ஒரு கிழமை சோர்ந்திருந்தேன். ஆசையைத் தூண்டிவிட்டவள் நான்.

சில மாதம் கழித்து, காலி வீதியில் மரக்கறிக் கடை முன்னால் தகப்பனைக் கண்டேன். பொறியியல் கிடைக்காதது எனக்குக் கவலைதான் என்றேன். அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "அத விடுங்க மிஸ். கம்பஸ்ல மொத மாசம் மெத்ஸ் லெக்சர்ல கணக்குக் குடுத்தா பாதிப் பேர் அழுறாங்களாம். எங்கட புள்ள பேனைய வெச்சிட்டு உக்காந்திருக்காளாம். ஏன் எழுதல்லன்னு கேட்டா, இன்னும் ரயில் போகல்லங்கிறாளாம்."

கணிதம் படிப்பித்தது நான் என்றுதான் வெள்ளவத்தையில் பேச்சு. கரையோர ரயில் தன் பங்கைக் கேட்டு இதுவரை என் வாசலில் நின்றதில்லை.