விருப்பமுள்ள இருபது பேர்

சிவராஜுக்கு முதுகெலும்பு இருப்பது எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். மத்தூர்ப் பக்கத்து ஆள். ஊரில் இருந்தவரை பெரியப்பா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். ஓசூரில் பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்த பிறகும் அதே தலைதான். பெரியப்பா இருந்த இடத்துக்கு மேனேஜர் பிரதாப் வந்தார். ஆட்டி ஆட்டியே லைன் லீடர் ஆனான். மேனேஜரின் ஜோக்கு முடிவதற்குள் சிரித்துவிடுவான்.

பெங்களூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். மேலே இருப்பவர் சொன்னால் மனிதர்கள் எதுவரை கேட்பார்கள் என்று பார்க்கிறாளாம். விருப்பமுள்ள இருபது பேர் போதும், பாதியில் எழுந்து போகலாம், யார் போனார்கள் என்று கம்பெனிக்குச் சொல்லமாட்டேன் என்றாள். காலை மீட்டிங்கில் சிவராஜ் அதைத் தன் பாஷையில் அறிவித்தான்.

"மேல இருந்து இருபது பேரு கேட்டிருக்காங்க. விருப்பப்பட்டுதான் போவணும். யார் யாருன்னு நான் சொல்றேன்."

அதில் என்ன கோணல் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

முதல் ஆளாக அவனே போய் உட்கார்ந்தான். அடுத்த அறையில் ஒருவன் கணக்குக்குப் பதில் சொல்வான். தப்பாகச் சொன்னால் இவன் பொத்தானை அழுத்தி அவன் காதில் இரைச்சல் விட வேண்டும். தப்புக்குத் தப்பு இரைச்சல் கூடும். "போதும், காது வலிக்குது" என்று அந்தக் குரல் கதறியது. சிவராஜுக்கு வேர்த்துக் கொட்டியது, ஆனாலும் கடைசிவரை அழுத்தினான். உள்ளே ஆளே இல்லை, பதிவு செய்த குரல்தான், மற்றவர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்றாள் அந்தப் பெண். சொல்லவில்லை. அப்படியே சோதனை நடக்கும் அறையின் வாசலில் போய் நின்றுகொண்டான்.

படித்தவளுக்காவது அது உறுத்தியிருக்க வேண்டும். லைன் லீடர் கண்ணெதிரே நிற்கும்போது எவன் எழுந்து போவான்? ஒருவரும் எழவில்லை என்ற முடிவு அழகாக வந்துகொண்டிருந்தது, அவள் எதற்குக் கெடுத்துக்கொள்வாள்.

மேகலா மட்டும் எழுந்தாள். பாரூர்ப் பெண், காண்ட்ராக்டில் இருந்தாள். அந்த மாதம்தான் அவளை நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்று முடிவாக வேண்டும்.

"உக்காந்து முடிச்சிட்டு வாம்மா. பர்மனென்ட் ஆவுற நேரம்," என்றான் சிவராஜ்.

"அந்தாளு கத்துறாரேண்ணா. என்னால முடியாது. போலாம்னு அவங்களே சொன்னாங்கல்ல."

உள்ளே ஆளே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதே என்று சொல்லியிருந்தார்களே.

சாயங்காலம் பிரதாப், போனைப் பார்த்தபடியே, "எல்லாம் நல்லபடியா போச்சா?" என்று கேட்டார்.

"போச்சுங்க சார். மேகலா மட்டும் பாதில எழுந்து போயிட்டா."

பிரதாப் நிமிர்ந்தார். "நான் பேரு கேக்கலையே."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னுதாங்க சார்."

மாதக் கடைசியில் கேட்டில் மேகலாவின் கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற சிவராஜைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எழுந்து போனத யாருண்ணா சொன்னது?"

"மேல இருந்து முடிவு பண்ணிட்டாங்கம்மா. என் கையில என்ன இருக்கு," என்றான். அதை அவன் மனதார நம்பினான். அவளைச் சற்று ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தன் கார்டை வைத்தான். கதவு திறந்தது.