லேபிள் ஒட்டாத சாமான்

சென்ற சனிக்கிழமை என் வீட்டுப் பின்னறையைத் திறந்தோம். "திறந்தோம்" என்று எழுதுவது சுலபம். கதவு நான்கு விரற்கடை அசைந்துவிட்டு, அதற்கு மேல் முடியாது என்று நின்றுவிட்டது. உள்ளே ஏதோ சரிந்து முட்டுக் கொடுத்திருந்தது. கடைசியில் என் மனைவி இடுக்கில் கையை நுழைத்து ஒரு குடையை இழுத்து, அந்தக் குடையால் இன்னொரு குடையைத் தள்ளி... ஒருவாறு உள்ளே போனோம்.

இந்த வயதில் ஏன் இந்த வீரம்? மருமகனுக்குக் கண்டியிலிருந்து கொழும்புக்கு மாற்றம். உலக யுத்தம் முடிந்து இரண்டு வருடமாகியும் வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு எடுப்பது எவ்வளவு லேசு என்று உங்களுக்கே தெரியும். ஆகவே மகளும் பிள்ளைகளும் எங்களோடுதான் இருக்கப் போகிறார்கள். மகள் எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை: "அப்பா, பின்னறை எங்களுக்கு வேணும். உங்கட சாமானுக்கு இல்லை."

அறைக்குள் என்னதான் இருந்தது? துணி இல்லாத குடைகள் நான்கு. கம்பி முறிந்த குடைகள் ஏழு. மூடியில்லாத பிஸ்கட் டின்கள், டின்னில்லாத மூடிகள். இருட்டடிப்புக் காலத்தில் ஜன்னலுக்கு ஒட்டிய கறுப்புக் கடதாசி, சுருட்டிக் கட்டியபடி. மூன்று கால் கதிரை ஒன்று. நான்காவது காலும் இருந்தது... ஆனால் அது வேறு கதிரையுடையது.

"உதென்னத்துக்கு?" என்றாள் மனைவி, குடைகளைக் காட்டி.

"இதிலை இருக்கிற துணியைக் கழற்றி அதிலை இருக்கிற கம்பிக்குப் போட்டால் நாலு நல்ல குடை வரும்."

"எத்தினை வருசமாப் போடப் போறியள்?"

பதினொரு வருடம். சொல்லவில்லை.

யுத்தகாலத் தட்டுப்பாடு என்னை இப்படி ஆக்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பலர் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் குடைகளில் பாதி, யுத்தத்துக்கு முந்தியவை.

அறையைக் காலி செய்யப் பழைய போத்தல், பேப்பர் வாங்குகிறவரை மனைவி கூட்டி வந்திருந்தாள். அவர் வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். "மே கெயக்த, கடயக்த, மாத்தயா?" என்றார். இது வீடா, கடையா? மனைவிக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இதற்கு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பத்து மணிக்குள் பாதி அறை வெளியே போய்விட்டது. மூன்று அலுமாரிகளை நகர்த்தினோம். மூன்றாவது அலுமாரிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, சாக்கினால் சுற்றிக் கயிறு போட்ட ஒரு பாரமான மூட்டை. போத்தல்காரர் அதைத் தூக்கிப் பார்த்து, சாக்கின் ஒரு மூலையை விலக்கினார்.

"மஹன மெஷிமக்!" என்றார் சந்தோஷமாக. தையல் மெஷின்!

என் மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மெஷினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

இனி நான் எழுதப்போவது வேறு கதை. வாரா வாரம் இந்த இடத்தில் உங்களைச் சிரிக்க வைப்பதாக எண்ணிக்கொண்டிருப்பவன், இந்த வாரம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். கொழும்பில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்த அந்த வாரம், எங்கள் லேனே யாழ்ப்பாணத்துக்குக் கிளம்பியது. ரயிலில் மூச்சுவிட இடமில்லை. கையில் ஒரு பெட்டிக்கு மேல் கொண்டுபோக முடியாது. எனக்கோ லீவு இல்லை. மனைவியை மட்டும் முதல் நாளே அனுப்பிவிட்டு நான் தங்கிவிட்டேன். உடனே லேன் முழுவதும் தன் சாமான்களை என் தலையில் கட்டியது. மணிக்கூடு, குத்துவிளக்கு, பித்தளைக் குடம், தொட்டில், ஒரு வயலின்.

நான் என்ன செய்தேன்? கிளாக்கர் செய்வதைச் செய்தேன். ஒவ்வொரு சாமானிலும் ஒரு லேபிள். சொந்தக்காரர் பெயர், வீட்டு இலக்கம், எல்லாம் என் அழகான கையெழுத்தில். இரண்டு போத்தல் கோந்து முடிந்தது. பிறகு அவரவர் திரும்பி வந்தபோது, கேட்டு முடிப்பதற்குள் சாமானை எடுத்துக் கொடுத்தேன். லேன் என்னைப் புகழ்ந்தது. அந்தப் புகழ் எனக்கு வெகு நாள் ஜீரணமாகவில்லை.

லேனின் கடைசியில், ரயில் பாதையோரமாக, ஒரு பெண்மணி மகளோடு குடியிருந்தார். புருஷனை இழந்தவர். பிள்ளைகளுக்குச் சட்டை, பெண்களுக்கு ரவிக்கை, கோயில் திருநாளுக்கு உடுப்பு என்று தைத்துத்தான் சீவியம். எங்களுக்கு அவர் தையலக்கா. ஒரு வருடம் கழித்து அவரும் ஊரிலிருந்து திரும்பி என் வாசலுக்கு வந்தார்.

"அண்ணை, என்ர மெஷினை எடுக்க வந்தனான்."

"எந்த மெஷின்?"

"விடிய வந்து உங்கட கையிலை தந்தனான். நீங்கள் ஒரு கையைக் கோட்டுக்குள்ளை விட்டபடி நிண்டனீங்கள்."

"லேபிள் ஒட்டின சாமான் எல்லாம் குடுத்து முடிஞ்சுது. உங்கட பேரிலை லேபிள் ஒண்டும் இருக்கேல்லை."

"லேபிளை நான் என்னத்தைக் கண்டன்? சாமானைத் தந்தனான். ஒருக்கா அந்த அறையைத் திறந்து பாருங்கோவன்."

திறக்கவில்லை.

மறந்துபோனேன் என்று எழுதி இந்தப் பத்தியை இங்கேயே முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். ஆனால் அவர் கோட்டைப் பற்றிச் சொன்னபோது எனக்கு உள்ளே ஏதோ இடறியது. அந்தக் காலை கந்தோருக்குப் பிந்திவிட்டது... கோந்து முடிந்திருந்தது... பின்னேரம் ஒட்டலாம் என்று எதையோ அறைக்குள் தள்ளினேன்... பின்னேரம் சைரன் ஊதியது. நினைவு அவ்வளவு கிட்ட வந்தது. நான்தான் அதை மேலே வரவிடவில்லை.

ஏன்? ஒன்று, சோம்பல். மூன்று அலுமாரி நகர்த்த வேண்டும். இரண்டு, வெட்கம். ஒழுங்குக்குப் பெயர் போனவனின் பின்னறை எப்படியிருக்கிறது என்று அவர் பார்த்துவிடுவார். அதைவிடப் பெரியது ஒன்று: அங்கே மெஷின் இருந்துவிட்டால்? லேன் புகழ்ந்த லேபிள்களின் கதி என்ன?

ஆகவே, "வேறை ஆரிட்டையோ குடுத்துப்போட்டு மாறி நினைக்கிறியள் போலை" என்றேன். மிகவும் மரியாதையாக.

அதோடு விட்டேனா? பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு வாரத்துக்கு விஷயம் கிடைத்தால் விடுவானா? யாழ்ப்பாண ரயிலில் ஞாபகத்தை மறந்து வைத்துவிட்டு, கொழும்பில் வந்து அதைத் தேடும் ஒரு பெண்மணி என்று இதே இடத்தில் எழுதினேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நன்றாகச் சிரித்ததாகக் கடிதங்கூட எழுதினீர்கள். பண்பாக, அவர் பெயரைப் போடவில்லை. எங்கள் லேனில் இருப்பது பதினொரு வீடு. யார் என்று தெரியாமல் இருக்குமா? அடுத்த மாதம் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

போத்தல்காரரை அனுப்பிவிட்டு, "அவ இப்ப எங்கை இருக்கிறாவோ..." என்றேன், எவருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில்.

"கொட்டாஞ்சேனையிலை. கோயிலடியிலை ஒரு தையல் கடையிலை கூலிக்குத் தைக்கிறா."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நாலு வருசமா என்ர சட்டையளை ஆர் தைக்கிறதெண்டு நினைச்சனீங்கள்?"

நான் அதைப்பற்றி நினைத்ததே இல்லை.

"மெஷினைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ அவ?"

"அவவும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. அளவெடுப்பா, தைப்பா, தருவா. எனக்கு முகத்தைப் பாக்க ஏலாது."

அன்றே ஒரு ஹயரிங் கார் பிடித்து இருவரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். மெஷின் என் மடியில். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனத்துக்குள் எழுதி, திருத்தி, மறுபடி எழுதினேன். நல்ல வசனங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது எனக்கே கண் கலங்கியது என்றால் பாருங்களேன்!

கடையில் ஐந்தாறு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூலையில் அவர். என்னைக் கண்டதும் கால் மிதிப்பதை நிறுத்தினார். நான் முதல் வசனத்தை ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. மூட்டையை வாங்கிக் கயிற்றைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். உள்ளே எண்ணெய் தோய்த்த துணியால் மெஷினை இறுக்கச் சுற்றியிருந்தார். கடற்காற்று அதைத் தொடவில்லை. சில்லைக் கையால் சுற்றினார். முதலில் முரண்டு பிடித்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி சுற்றினார். ஊசி ஏறி இறங்கியது.

துணிக்குள் ஒரு துண்டுக் கடதாசி மடித்து வைத்திருந்தது. பிள்ளைகளின் அளவுகள்; தோள், மார்பு, நீளம். அதை வாசித்தார்.

"இந்த அளவிலை இருந்ததுகள் எல்லாம் வளந்திட்டுதுகள்" என்றார்.

என் வசனங்களில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை. "நான் செய்தது பெரிய பிழை" என்று மட்டும் சொன்னேன்.

"மெஷின் வந்திட்டுது. சரி. நான் பொய் சொன்னனான் எண்டு எழுதினியளெல்லோ, அதை ஆர் எடுக்கிறது?"

"பேர் போடேல்லையே அக்கா..."

"போடாட்டி என்ன? மீன்காரன் வாசல்லை நிண்டு, 'அக்கா, ஞாபகம் ஆப்பிட்டுதோ?' எண்டு கேட்டவன். என்ர மகள் பள்ளிக்கூடத்திலையிருந்து அழுதுகொண்டு வந்தவள்."

கடையில் மற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இப்ப எழுதுங்கோ. அதே இடத்திலை. அதே அளவுக்கு. இந்த முறை என்ர பேரைப் போடுங்கோ."

"எழுதிறன்" என்றேன். பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. "நான் கொஞ்சம் சிரிப்பாத்தான் எழுதிறனான்..."

"உங்களைப் பற்றியெண்டால் சிரிப்பா எழுதுங்கோ. என்னைப் பற்றி எழுதேக்கை வேண்டாம்."

காரில் மனைவியோடு திரும்பினேன். பம்பலப்பிட்டி வந்ததும், "எழுதிப்போட்டு எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ" என்றாள். "அனுப்ப முன்னம்."

வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னாள். இரண்டும் நான் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிக்கொண்ட இடங்கள். வெட்டிவிட்டேன்.

சிரிப்பாக எழுதவேண்டியதை எழுதியாகிவிட்டது. மற்றது இது: அந்தப் பெண்மணியின் பெயர் ஞானம்மா சந்தியாப்பிள்ளை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.